முதல் தரவிதி

தரம் என்றதும் நாம் மேன்மையையே நினைக்கிறோம். ஆயினும், இன்ன பொருளுக்கு இன்ன இயல்பு உண்டு என்று விற்போனும் வாங்குவோனும் முன்னரே ஒப்புக்கொள்வதே தரநிர்ணயம்.

1947 ஜனவரியில் தோன்றிய இந்தியத் தர நிர்ணயக் கழகம், 1951-இல் வெளியிட்ட தன் முதல் தரவிதியை உருக்குக்கோ சிமெண்டுக்கோ வகுக்கவில்லை; தேசியக் கொடிக்கே வகுத்தது. காவி நிறம் என்று எழுதிவிட்டால் போதுமா? ஒவ்வோர் ஊர்ச் சாயக்காரருக்கும் ஒரு காவி உண்டு. தில்லியிலும் கொல்கத்தாவிலும் நம்மவர் காணும் கொடி சென்னைக் கொடியினின்று வேறுபடலாகாது. ஆகவே நிறம், இழைக் கணக்கு, துணியின் எடை, 3:2 என்னும் நீள அகல விகிதம் யாவும் எழுத்தில் வரையறை பெற்றன. நெய்த துணியின் மாதிரி சோதனைச்சாலைக்குச் செல்லும். வெயிலிலும் நீரிலும் சாயம் நிற்கிறதா என்று அங்கே பார்ப்பர்.

தரவிதி கல்வெட்டன்று. மெட்ரிக் முறைக்கேற்ப 1964-இல் அது திருத்தப்பெற்றது. கைந்நூற்றுக் கைந்நெய்த துணியையே ஏற்றுவந்த கொடிச் சட்டக்கோவை, 2021 டிசம்பரில் பாலியெஸ்டரையும் இயந்திர நெசவையும் அனுமதித்தது. கொடி மலிந்தது, மெய்தான்; ஆயினும் நமக்கு அது முழு உவப்பைத் தரவில்லை. ஹுப்பள்ளியின் பெங்கேரியில், அத்தரவிதியின்படி கதர்க் கொடி தைத்துவரும் பெண்களின் பிழைப்பு அதில் அடங்கியிருக்கிறது.