ஜிம்மி ஜார்ஜ்

ஜிம்மி ஜார்ஜ் (8 மார்ச் 1955 – 30 நவம்பர் 1987), கேரள மாநிலம் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள பேராவூரைச் சேர்ந்த கைப்பந்து வீரர். இந்திய அணியின் தலைவராக இருந்தவர். வெளிநாட்டு கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடி, கைப்பந்தையே தொழிலாக்கிக்கொண்ட முதல் இந்தியர். இந்தியா உருவாக்கிய மிகச் சிறந்த ஸ்மாஷர் இவர்தான் என்பதில் இந்த விளையாட்டை அறிந்தவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

தந்தை ஜார்ஜ் ஜோசப், தாய் மேரி. தந்தையே கைப்பந்து ஆடியவர். பிள்ளைகளுக்கு முதல் பயிற்சியாளரும் அவர்தான். வீட்டில் பத்துப் பிள்ளைகள், அதில் எட்டுப் பேர் ஆண்கள். களத்தில் ஆறு பேர், மாற்று ஆட்டக்காரர் இரண்டு பேர் என்று ஓர் அணியே வீட்டுக்குள் இருந்தது. கடைசித் தம்பி ராபர்ட் பாபி ஜார்ஜ் மட்டும் தடகளம் பக்கம் போய் மும்முறை தாண்டும் வீரரானார். 2003ல் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் நீளம் தாண்டுதலில் வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜின் கணவரும் பயிற்சியாளரும் அவர்தான்.

பேராவூர் சின்ன ஊர் என்பது கைப்பந்துக்கு ஒரு குறையே அல்ல. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை: இரண்டு கம்பம், ஒரு நெட், 18க்கு 9 மீட்டரில் சுண்ணாம்புக் கோடு இருந்தால் போதும், அறுவடை முடிந்த காட்டில்கூடப் போட்டி நடத்திவிடலாம். ஆண்களுக்கு நெட்டின் உயரம் 2.43 மீட்டர். அதற்கு மேல் எழும்பி, எதிரணியின் கைகள் இறங்கும்வரை அந்தரத்தில் காத்திருந்து அடிப்பதுதான் ஜிம்மியின் ஆட்டத்துக்கு அடையாளம். பிளாக் போட வந்தவர்கள் கீழே இறங்கத் தொடங்கும்போதும் இவர் மேலேயே இருப்பார் என்பது அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அலுக்காமல் சொல்லும் செய்தி.

இங்கே அந்தக் கால விதிமுறையையும் நினைவில் வைக்க வேண்டும். சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே அன்று புள்ளி. எதிரணி பந்தை வென்றால் அதற்குச் சர்வீஸ் மட்டும்தான் கிடைக்கும். செட் 15 புள்ளிக்கு என்றாலும், ஒரு புள்ளிக்காகச் சர்வீஸ் பலமுறை கை மாறும். யார் சர்வீஸ் போட்டாலும் பந்தை வென்ற அணிக்குப் புள்ளி தரும் இன்றைய ரேலி பாயின்ட் முறையும், பின்வரிசையில் தடுப்பதற்கென்றே நிற்கும் லிபரோவும் 1990களின் கடைசியில்தான் வந்தன. ஆகவே முக்கிய ஸ்மாஷர் என்றால் எத்தனை மணி நேரமானாலும் எழும்பிக்கொண்டே இருக்க வேண்டும். பின்வரிசைக்குப் போனால் பந்தையும் எடுக்க வேண்டும். ஜிம்மி இரண்டையும் செய்தார்.

16 வயதில், 1971ல், கேரள மாநில அணியில் இடம் கிடைத்தது. 1973ல் காலிகட் பல்கலைக்கழக அணிக்குத் தலைவர். அடுத்த ஆண்டு டெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியச் சீருடை. 1976 அவர் வாழ்க்கையில் திருப்பம்: மருத்துவப் படிப்பை விட்டுவிட்டுக் கேரளப் போலீஸில் சேர்ந்தார், 21 வயதில் அர்ஜுனா விருதும் பெற்றார். அந்த விருது தொடங்கிய 1961லேயே கைப்பந்துக்காக அதை வாங்கியவர் ஏ. பழனிசாமி, தமிழ்நாட்டின் ஜி.இ. ஸ்ரீதரனுக்கு அது 1982ல் கிடைத்தது.

டாக்டர் படிப்பை விட்டுப் போலீஸ் வேலைக்கா என்று இன்று கேட்கத் தோன்றும். அன்றைய இந்தியாவில் கைப்பந்து ஆடிச் சோறு தின்ன வேறு வழி கிடையாது. ரயில்வே, போலீஸ், வங்கி என ஏதாவது ஒரு துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கி, அந்தத் துறைக்காக ஆடுவதுதான் நடைமுறை. தமிழ்நாட்டில் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணிகளும் அப்படி வளர்ந்தவைதான். இந்த ஏற்பாடு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஓய்வூதியம் வரை கொடுத்தது. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஓர் ஆட்டக்காரரின் உச்ச திறமைக்கு ஏற்ற எதிரிகளை அது கொடுக்கவில்லை.

ஜிம்மி அப்படிப்பட்ட எதிரிகளைத் தேடி வெளியே போனார். 1979 முதல் 1982 வரை அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப். பிறகு இத்தாலி, முதலில் ட்ரெவிசோ நகர அணி. போலீஸ் வேலையை அவர் விடவில்லை. இறக்கும்வரை கேரளப் போலீஸ் அணியின் வீரர்தான். இத்தாலி லீக் அப்போது உலகின் வலுவான லீக்குகளில் ஒன்றாக உருவாகிக்கொண்டிருந்தது. 1990, 1994, 1998 என அந்த நாடு மூன்று முறை தொடர்ந்து உலக சாம்பியன் ஆனதற்கு அடித்தளம் இந்த கிளப் ஆட்டங்கள்தான். அங்கே ஒவ்வொரு வாரமும் ஈடு கொடுத்து ஆடி, ரசிகர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தார் பேராவூர்க்காரர் ஒருவர்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஆடியவர், 1982ல் நம் டெல்லியிலேயே நடந்த போட்டியில் இல்லை. 27 வயது, ஆட்டம் உச்சத்தில் இருந்த நேரம். சொந்த மண்ணின் ரசிகர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்காமல் போனது இந்தியக் கைப்பந்துக்குப் பெரிய இழப்பு.

1985ல் சவுதி அரேபியாவிலும், 1986ல் ஹைதராபாத்தில் நடந்த இந்தியா கோல்டு கப் போட்டியிலும் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார். அதே 1986ல் சியோல் ஆசிய விளையாட்டு. சிரில் வள்ளூர், உதயகுமார், அப்துல் பாசித் ஆகியோருடன் ஜிம்மி ஆடிய அணி, 1972 ஒலிம்பிக் தங்கம் வென்ற பாரம்பரியம் கொண்ட ஜப்பானை நான்காம் இடத்துக்குத் தள்ளி வெண்கலம் வென்றது. சீனாவுக்குத் தங்கம், தென்கொரியாவுக்கு வெள்ளி.

அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று இத்தாலியில் நடந்த கார் விபத்தில் ஜிம்மி இறந்தார். வயது 32. திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. இத்தாலியின் மொந்திகியாரி நகரத்து அரங்குக்கும் அவர் பெயரையே வைத்து ‘பாலாஜார்ஜ்’ என்கிறார்கள்.

ஜிம்மி வெளிநாட்டில் தேடிப்போனது போல உள்நாட்டிலேயே சம்பளத்துக்கு ஆடும் லீக், அவர் மறைவுக்குப் பிறகு 2011ல் வந்து ஒரு சீசனோடு நின்றது. 2019ல் புரோ வாலிபால் லீக்காக மறுபடி வந்தது. அதன் இறுதி ஆட்டத்தில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் காலிகட் ஹீரோஸை வென்றது. தோற்ற காலிகட் அணிக்குத் தலைவர் தமிழ்நாட்டின் ஜெரோம் வினித்.

லீக் வந்தும் ஆசிய விளையாட்டில் இந்திய ஆடவர் கைப்பந்து அணி கடைசியாகப் பதக்கம் வாங்கியது 1986ல்தான். 2023ல் ஹாங்சோவில் தென்கொரியாவைத் தோற்கடித்தும் ஆறாம் இடமே கிடைத்தது.