போர் விமானத்திற்கு ஓர் இருப்பிடம்

கடல் கடந்த ஒரு தீவைப் போர் விமானங்களைக் கொண்டு காக்க வேண்டுமானால், முதலில் தேவைப்படுவது எது? விமானம் என்போம். ஆனால் அதற்கும் முன் தேவைப்படுவது, அது இறங்குவதற்குப் போதிய நீளமுள்ள ஓடுபாதை! ஃபாக்லாந்து தீவுகளின் வரலாறு இதனைத் தெளிவாக்குகிறது.

தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள இத்தீவுகள் பிரிட்டனிலிருந்து ஏறத்தாழ 13,000 கி.மீ. தொலைவில் உள்ளன. இவற்றை மால்வினாஸ் என அழைத்து உரிமை கோரும் அர்ஜென்டினா, 1982 ஏப்ரல் 2-ஆம் நாள் படையெடுத்துக் கைப்பற்றியது. தலைநகர் ஸ்டான்லியில் இருந்த ஓடுபாதையின் நீளம் சுமார் 1,250 மீட்டர் மட்டுமே. மிராஜ் போன்ற வேக விமானங்களுக்கு இது போதாது. எனவே அர்ஜென்டினா தன் சிறந்த விமானங்களை நிலப்பகுதியிலிருந்தே அனுப்பியது. வானில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் வசதி மிராஜுக்கு இல்லை. போக வரவே எரிபொருள் செலவாகிவிட்டதால், தீவின் மேல் சில நிமிடங்களே நின்று போரிட முடிந்தது. பிரிட்டனின் சீ ஹாரியர் விமானங்களோ அருகிலிருந்த விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்தன. ஜூன் 14-இல் போர் முடிந்தது.

இப்போது சிக்கல் வெற்றி பெற்றவர்களுடையதாயிற்று. விமானந்தாங்கிக் கப்பலை எத்தனை மாதங்கள் அங்கேயே நிறுத்தி வைப்பது? ஃபாண்டம் விமானங்களைத் தரையில் நிறுத்துவதென முடிவாயிற்று. குண்டுகளால் சேதமடைந்திருந்த ஓடுபாதையைப் பொறியாளர்கள் செப்பனிட்டு, அலுமினியத் தகடுகளைக் கோத்து ஏறத்தாழ 1,850 மீட்டராக நீட்டினர். ஃபாண்டத்திற்கு இதுவும் குறைவே. ஆயினும் அது முதலில் கப்பற்படைக்கென வடிவமைக்கப்பட்ட விமானமாதலால் வாலில் கொக்கி உண்டு. பாதைக்குக் குறுக்கே கட்டிய கம்பிவடத்தில் அக்கொக்கி மாட்டியதும் விமானம் நின்றுவிடும். அக்டோபரில் முதல் ஃபாண்டம், அசென்ஷன் தீவிலிருந்து ஏறத்தாழ 6,300 கி.மீ. பறந்து வந்து இறங்கியது. வழியில் வானிலேயே எரிபொருள் நிரப்பப்பட்டது. அதன் பின்னரே இல்லஸ்ட்ரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் நாடு திரும்ப முடிந்தது.

இதற்கு மறைமுகமான ஒரு விலையும் இருந்தது. தீவுக்குச் சென்ற விமானங்களால் தாய்நாட்டின் வான்காப்பில் இடைவெளி விழுந்தது. அதை நிரப்ப, அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய 15 ஃபாண்டங்களைப் பிரிட்டன் வாங்க நேர்ந்தது.

நிலையான தீர்வாக மவுண்ட் பிளெசன்ட் என்னுமிடத்தில் சுமார் 2,590 மீட்டர் நீள ஓடுபாதையுடன் புதிய தளம் 1985 மே மாதம் திறக்கப்பட்டது. அதன் பின் அங்கே பெரும்படை தேவைப்படவில்லை. 1988 முதல் நான்கு போர் விமானங்களே காவல் காத்து வந்தன. நான்கு போதுமா எனக் கேட்கலாம். நெருக்கடி வந்தால் பெரிய விமானங்களில் துணைப்படையை விரைந்து இறக்க அந்த நீண்ட ஓடுபாதை இருக்கிறதே! 1982-இல் கப்பற்படை வந்து சேரப் பல வாரங்கள் ஆயின என்பதை நினைத்துப் பார்த்தால், அப்பாதையின் மதிப்பு விளங்கும்.

தொலைதூரக் காவலின் வலிமையை விமானங்களின் எண்ணிக்கை மட்டும் முடிவு செய்வதில்லை. ஓடுபாதையின் நீளமும், எரிபொருளும், தூரமும் சேர்ந்த கணக்கே அதை முடிவு செய்கிறது.