நிலைக்காலில் எஞ்சிய தழும்பு

எபிரேய மொழியில் 'மெசூசா' என்ற சொல் முதலில் வாயிலின் நிலைக்காலையே குறித்தது. உபாகமத்தின் இரு பகுதிகளைப் பதப்படுத்திய தோலில் 22 வரிகளாக எழுதிச் சுருட்டி, அந்நிலைக்காலில் பொருத்தும் வழக்கம் வேரூன்றிய பின்னர், மரத்தின் பெயர் சுருளுக்கு உரியதாயிற்று. இச்சுருளைப் பற்றி எழுதுவோர் அதன் வாசகத்தையும் உறையின் வேலைப்பாட்டையும் விரிவாகப் பேசுவர்; பொருத்தும் முறையைத் தச்சன் பொறுப்பில் விட்டுவிடுவர். நான் ஆணித்துளையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

பொருத்தும்போது ஓதப்படும் ஆசிமொழி 'பதித்தல்' என்னும் வினையை ஆள்கிறது. கோலில் தொங்கவிட்ட மெசூசா செல்லாது என்கிறது தால்முதின் மெனாகோத் நூல். அவ்விடத்திலேயே ஒரு சுவையான செய்தியும் உண்டு: யூத சமயம் தழுவிய அடியாபீன் அரசக் குடும்பத்தினரான மோனபாஸ் வீட்டார், வழியில் தங்கும் சத்திரங்களில் அவ்வாறு கோலில் வைத்தனராம். அது கடமையின் நிறைவேற்றமாகக் கொள்ளப்படவில்லை. நினைவுக்குறியாக மட்டுமே மதிக்கப்பட்டது.

வாழும் வீட்டுக்கு விதி கடுமையானது. நாணல் குழாயில் இட்டு ஆணியறையலாம். நிலைக்காலிலேயே குழி செதுக்கி உள்ளே வைக்கலாம். குழி ஒரு கையகல ஆழத்தை எட்டினால் செல்லாது. மேல்முனையை மட்டும் ஆணியடித்தால் கீழ்ப்பாகம் தொங்கிநிற்கும் என்பதால், இருமுனைகளையும் இறுக்குவது வழக்கமாயிற்று.

எப்படி நிறுத்துவது என்பதில் ஒரு குடும்பத்துக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. 1105இல் மறைந்த ராஷி செங்குத்தாக என்றார். அவருடைய மகள்வழிப் பேரன் ரபேனு தாம் கிடையாக என்றார். இருவருக்கும் இடங்கொடுத்துச் சாய்வாகப் பொருத்துவதைத் தம் நாட்டு வழக்கமாகப் பதிவுசெய்தவர் 1572இல் மறைந்த கிராக்கோவ் அறிஞர் மோசஸ் இசர்லஸ். செபார்தி யூதர் செங்குத்து முறையையே தொடர்ந்தனர்.

இசர்லஸின் பெயர் தாங்கிய ரெமு தொழுகைக்கூடம் கிராக்கோவின் காஷிமியெஷ் பகுதியில் இன்றும் நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்நகரில் ஏறத்தாழ 60,000 யூதர் வாழ்ந்தனர். 1941 மார்ச்சில் நாஜிகள் அவர்களை ஆற்றுக்கு அப்பாலிருந்த பொட்கூஷே சேரியில் அடைக்கத் தொடங்கினர். 1943 மார்ச்சில் அச்சேரியையும் அழித்தொழித்தனர். சுருள்கள் போயின. ஆனால் காஷிமியெஷின் பழைய நிலைக்கால்கள் சிலவற்றில், பல அடுக்கு வண்ணப்பூச்சுக்கு அடியில், சாய்ந்த பள்ளமும் இரு ஆணித்துளைகளும் தெரிகின்றன. அழுந்தப் பதிக்கச் சொன்ன விதிதான் இத்தழும்புகளை ஏற்படுத்தியது.

களப்பணி மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை: எல்லாத் துளையும் மெசூசாவின் துளையல்ல, அழைப்புமணியும் தாழ்ப்பாளும் துளையிடும். நுழைவோரின் வலப்பக்கம், நிலையின் மேல் மூன்றிலொரு பகுதியின் தொடக்கம், வெளிவிளிம்பை ஒட்டிய கையகலம், மேல்முனை வீட்டின் உட்புறம் சாய்தல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றுள் மூன்று, நிலை தன் இடத்தில் நிற்கும்வரை மட்டுமே சோதிக்கத்தக்கவை. கழற்றிய மரத்துண்டு உட்புறம் எது என்று சொல்லாது.

சிக்கல் இங்கேதான் உள்ளது. கட்டடம் புதுப்பிக்கப்படும்போது ஆவணங்கள் காப்பகம் செல்கின்றன. பழைய நிலைகளோ குப்பைக்குப் போகின்றன. வார்சாவின் வடிவமைப்பாளர் இருவர் இத்தழும்புகளை அச்செடுத்து, வெண்கலத்தில் புதிய மெசூசா உறைகளாக வார்க்கின்றனர். ஒவ்வொன்றிலும் அச்செடுத்த வீட்டின் முகவரியையும் பொறிக்கின்றனர்.