மாங்க்ஸை மீட்ட மாணவர்கள்

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, ஐரிஷ் கடலில் இருக்கிறது மான் தீவு. பரப்பு 572 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 84,000. ஐரிஷுக்கும் ஸ்காட்லாந்தின் கேலிக்குக்கும் உடன்பிறப்பான மாங்க்ஸ்தான் தீவின் பூர்வீக மொழி. அதைக் கற்க வருபவருக்கு முதல் நாள் சொல்லித்தருவது 'மோரா மை' என்ற காலை வணக்கத்தை. அடுத்தது 'கிஸ் டௌ?', அதாவது எப்படி இருக்கிறாய்? நன்றி சொல்வதில் நமக்குப் பழக்கமான மரியாதைக் கணக்கு உண்டு: தோழனுக்கு 'குரு மை எட்', பெரியவருக்கும் பலருக்கும் 'குரு மை யூ'.

இந்த ஆரம்பப் பாடத்தைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. தாய்மொழியாகப் பேசியவர்கள் மறைந்த பிறகும் மாங்க்ஸ் பிழைத்திருப்பதற்கு, வளர்ந்த வயதில் இப்படி முதல் பாடத்திலிருந்து தொடங்கியவர்களே காரணம்.

சரிவு 1765-லேயே தொடங்கிவிட்டது எனலாம். அத்தோல் பிரபுவிடமிருந்து தீவின் ஆட்சியுரிமையை 70,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் அரசு வாங்கியது; தீவில் பணம் புழங்கக் காரணமாக இருந்த கடத்தல் வணிகம் முடங்கியது. வறுமை வந்தது, பலர் தீவைவிட்டே போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கப்பல்களில் சுற்றுலாப் பயணிகள் குவியத் தொடங்கினார்கள். அதன்பின் வேலை, கடை, பள்ளிக்கூடம் எல்லாமே ஆங்கிலம்தான். மாங்க்ஸை வைத்துக்கொண்டு ஒரு பென்னிகூடச் சம்பாதிக்க முடியாது என்பது வீட்டுக்கு வீடு கேட்ட பேச்சு. பெற்றோர் தங்களுக்குள் மாங்க்ஸில் பேசிக்கொண்டு, பிள்ளைகளிடம் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். 1901 கணக்கெடுப்பில் 4,419 பேர் மாங்க்ஸ் தெரியும் என்றார்கள். 1961-இல் அந்த எண்ணிக்கை 165.

கற்க நினைத்தவர்களுக்கு நல்லவேளையாக எழுத்துச் செல்வம் கொஞ்சம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் கூடி பைபிளை மாங்க்ஸில் மொழிபெயர்த்தார்கள். கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதியோடு ஜான் கெல்லி என்ற இளைஞர் அச்சகத்துக்குப் புறப்பட்டபோது, வழியில் கப்பல் உடைந்தது. தண்ணீரில் நின்றபடி, தாள்கள் நனையாமல் ஐந்து மணி நேரம் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாராம். பின்னாளில் மாங்க்ஸுக்கு இலக்கண நூல் எழுதியவரும் இதே கெல்லிதான். 1899-இல் மாங்க்ஸ் மொழிச் சங்கம் பிறந்தது. 1901-இல் பீல் ஊரைச் சேர்ந்த எட்மண்ட் குட்வின் தொடக்கநிலைப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். பல தலைமுறை மாணவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

ஆனால் புத்தகம் உச்சரிப்பைச் சொல்லித்தராது. மாங்க்ஸில் இது பெரிய சிக்கல். ஐரிஷைப் போல அல்லாமல், ஆங்கில வழக்கத்தையொட்டி அமைந்த எழுத்துக்கூட்டல் அது. பார்த்தபடி படித்தால் தவறும். போதாக்குறைக்கு, நம் புணர்ச்சியைப் போலச் சொல்லின் முதல் ஒலியே மாறும். நாய் 'மோதா', என் நாய் என்றால் 'வோதா' ஆகிவிடும். அகராதியில் 'வோ' என்று தேடுகிற புதியவருக்கு அந்தச் சொல் கிடைக்காது. காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

கேட்பதற்கு ஆள் இருந்தபோதே சிலர் விழித்துக்கொண்டார்கள். 1947-இல் அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா தீவுக்கு வந்தபோது, மீனவர் நெட் மாட்ரெலைச் சந்தித்தார். அவர் ஐரிஷில் பேச, இவர் மாங்க்ஸில் பதில் சொன்னார். எஞ்சியிருந்த முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவி தீவில் இல்லை என்று அறிந்த டி வலேரா, மறு ஆண்டே ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்திலிருந்து கெவின் டனஹரைக் கருவியோடு அனுப்பிவைத்தார். கண்டிப்பாகப் போற்ற வேண்டிய உதவி இது. இன்று மாங்க்ஸ் கற்பவர் கேட்கும் அசல் குரல்களில் பல அவர் பதிவு செய்த ஒலித்தட்டுகளில் உள்ளவை.

அதே காலத்தில் டக் ஃபார்கர், வால்டர் கிளார்க், பிறகு பிரையன் ஸ்டோவல் முதலிய இளைஞர்கள் அந்த முதியவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசிப் பழகினார்கள். சிறுவயதில் ஆங்கிலம் அறியாத பெரிய பாட்டியிடம் மாங்க்ஸ் கற்ற மாட்ரெல், தன் முதுமையில் இவர்களுக்கு ஆசானானார். 1974 டிசம்பரில், 97 வயதில் அவர் மறைந்தபோது கடைசித் தாய்மொழியாளரும் போய்விட்டார் என்றது உலகம். ஐந்தே ஆண்டில் ஃபார்கரின் ஆங்கிலம்-மாங்க்ஸ் அகராதி வெளிவந்தது. இயற்பியலாளரான ஸ்டோவல் 2006-இல் மாங்க்ஸில் ஒரு முழு நாவலே எழுதினார்.

2001-இல் மாங்க்ஸ் வழி ஆரம்பப் பள்ளி தொடங்கியது. 2009-இல் யுனெஸ்கோ, மாங்க்ஸ் அழிந்துவிட்டது என்று பட்டியலிட்டபோது அந்தப் பள்ளிப் பிள்ளைகள், அப்படியானால் நாங்கள் எழுதும் இது என்ன மொழி என்று கேட்டு மாங்க்ஸிலேயே கடிதம் எழுதினார்கள். யுனெஸ்கோ பட்டியலைத் திருத்தியது.

எனக்கு மாங்க்ஸ் தெரியும் என்பதை அந்த மொழியில் 'டா கில்க் எம்' என்று சொல்வார்கள். 2021 கணக்கெடுப்பில், ஓரளவாவது அப்படிச் சொல்லக்கூடியவர்கள் 2,200-க்கும் அதிகம்.