திறமூல மெய்நிகராக்க மென்பொருள்களில் அமைவடிவச் சரிபார்ப்பும் சோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு கணினிக்குள் பல கணினிகளை இயக்கும் முறையே மெய்நிகராக்கம். ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் 1967இல் பயன்பாட்டுக்கு வந்த சிபி-40 இதன் முன்னோடியாகும். மெய்நிகர் இயந்திரம் ஒவ்வொன்றும் ஓர் அமைவடிவத்தின்படி உருவாகிறது. நினைவகம் எவ்வளவு, வட்டுகள் எவை, பிணைய அட்டை எது என்பன அதில் குறிக்கப்படும். எழுதப்பட்டதும் இயங்குவதும் ஒன்றுதானா என்னும் வினாவுக்குத் திறமூல மென்பொருள்கள் கண்ட விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்துநிலைச் சரிபார்ப்பு

ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் கியூஎமுவை வெளியிட்டார். 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20 பதிப்பில் கேவிஎம் இணைந்தது. தொடக்கத்தில் அமைவடிவம் என்பது நீண்டதொரு கட்டளை வரியாகவே இருந்தது. 2005இல் தொடங்கிய லிப்வர்ட் திட்டம் அதனை எக்ஸ்எம்எல் ஆவணமாக்கியது. ரிலாக்ஸ் என்ஜி வரையறையோடு ஒப்பிட்டுப் பிழை காணவும் வழிவகுத்தது. எனினும் இலக்கண வழுவற்ற தொடர் பொருள் வழுவுடையதாக இருக்கக்கூடும் என்பது தமிழிலக்கணம் பயின்றோர் அறிந்ததே. இரு கருவிகள் ஒரே முகவரியைக் கோரினால் அவ்வரையறை அதனைக் கண்டறியாது. அதற்கெனத் தனி நிரல் வேண்டும்.

வெனம் உணர்த்திய இடைவெளி

2015 மே 13 அன்று 'வெனம்' என்னும் பாதுகாப்புக் குறை வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. கியூஎமுவின் நெகிழ்வட்டுக் கட்டுப்பாட்டு நிரலில் 2004 முதல் அது மறைந்திருந்தது. மெய்நிகர் இயந்திரத்திலிருந்து வரும் தரவு, இடையக நினைவின் எல்லையை மீறி எழுதப்பட அது இடமளித்தது. அதனால் ஒரு வாடிக்கையாளரின் இயந்திரத்திலிருந்து தாங்கு கணினிக்குள் ஊடுருவும் வாய்ப்பு உண்டாயிற்று. நிர்வாகி நெகிழ்வட்டை அமைவடிவத்திலிருந்து நீக்கிய பின்னரும், வேறொரு பிழையால் கியூஎமுவிலும் ஜென்னிலும் அந்நிரல் செயற்பாட்டிலேயே இருந்தது என்பதே இவ்வாய்வுக்கு முதன்மையானது. ஆவணம் 'இல்லை' என்றது; இயந்திரத்திலோ அது இருந்தது. எழுத்துநிலைச் சரிபார்ப்பு எதுவும் இதனைக் காட்டியிராது.

சோதனை முறைகளின் வளர்ச்சி

இயங்குதளம் எதுவுமின்றிக் கருவிகளை நேரடியாகச் சோதிக்கும் கியூடெஸ்ட் 2012இலேயே கியூஎமுவில் சேர்ந்திருந்தது. அதன் பின்னரும் வெனம் மூன்றாண்டுகள் அகப்படவில்லை. 2019இல் வெளிவந்த 4.0 பதிப்பு, வேண்டாத கருவிகளைத் தொகுப்பின்போதே விலக்குவதை எளிதாக்கியது. 2020 ஏப்ரலில் வந்த 5.0 பதிப்பு, நிரலின் எப்பகுதிகள் இயங்கின என்பதை அளந்தவாறே உள்ளீடுகளை மாற்றித் தாக்கும் சோதனைக்கு அடித்தளமிட்டது. முன்னது இல்லாததை உண்மையிலேயே இல்லாததாக்குகிறது. பின்னது மனிதர் எண்ணிப் பாராத உள்ளீடுகளைத் தேடுகிறது.

முடிவுரை

கோயம்புத்தூரின் பம்புத் தொழிலில், பெயர்ப்பலகையில் பொறித்த நீரேற்ற உயரமும் வெளியேற்ற அளவும் பம்பைச் சோதனை மேடையில் ஓட்டி அளந்தே உறுதிசெய்யப்படுகின்றன. பலகையில் எழுத்துப்பிழை இல்லை என்பது சான்றாகாது. மெய்நிகராக்க வரலாறு சென்றடைந்த முடிவும் இதுவே. அமைவடிவச் சரிபார்ப்பு என்பது ஆவணத்தைப் படிப்பதோடு நில்லாமல், இயங்கும் இயந்திரத்தில் உள்ள கருவிகளைப் பட்டியலிட்டு ஆவணத்தோடு ஒப்பிடுவதாகவும் அமைதல் வேண்டும்.