இரண்டு வக்கீல்கள், ஒரே சட்டப் பிரிவு

இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 124 ஏ: ராஜத்துரோகம். 1908இல் திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும், 1922இல் அகமதாபாத்தில் காந்தியும் இந்தப் பிரிவின்படிதான் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். இருவரும் வக்கீல்கள். இருவரும் தெய்வ நம்பிக்கையில் ஊறியவர்கள். தண்டனைக்குப் பிறகு இருவருக்குமே தொழில் உரிமை பறிபோனது. அரசியல் தலைவர்களாக இவர்களை ஒப்பிட்டு நிறைய எழுதிவிட்டார்கள். கறுப்பு அங்கி போட்டவர்களாக ஒப்பிட்டவர்கள் குறைவு.

தொடக்கமே நேர்மாறு. காந்தி லண்டன் இன்னர் டெம்பிளில் படித்து 1891இல் பாரிஸ்டர் ஆனவர். ஆனால் பம்பாய் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் மாமிபாய் என்பவருக்காக முதன்முதலில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்ததும் தலை சுற்றியது. கேள்வி எதுவும் வாயில் வரவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார். வ.உ.சி.க்கு லண்டனும் இல்லை, பாரிஸ்டர் பட்டமும் இல்லை. அப்பா உலகநாத பிள்ளையே வக்கீல். திருச்சியில் படித்து, பிளீடர் தேர்வில் தேறி, 1895இல் சொந்த ஊரான ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். அப்பா வசதியுள்ளவர்களுக்கும் மகன் ஏழைகளுக்குமாக எதிரெதிரே நின்ற வழக்குகள் உண்டு. லஞ்சம் வாங்கிய சப் மாஜிஸ்திரேட்டுகள் மீதான குற்றத்தை அவர் நிரூபித்ததாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. போலீசோடு உரசல் முற்றியதால், 1900இல் அப்பாவே அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். கூண்டில் நிற்கும் சாட்சியைப் பார்த்துப் பயப்படும் ரகம் அல்ல அவர்.

காந்திக்குத் தொழிலும் பக்தியும் ஒன்றாகக் கைகூடிய இடம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. வணிகர் தாதா அப்துல்லாவின் வழக்குக்காக 1893இல் அங்கே போனபோது, அந்த வழக்கை நடத்திக்கொண்டிருந்த ஏ.டபிள்யூ.பேக்கர் ஒரு கிறிஸ்தவப் பிரசங்கியும்கூட. தினமும் மதியம் ஒரு மணிக்கு நடக்கும் ஜெபத்துக்கு இந்த இளம் வக்கீலையும் அழைத்துக்கொண்டு போவார். காந்தி மதம் மாறவில்லை; சமண அறிஞர் ராய்சந்த்பாய்க்குக் கடிதம் எழுதிச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டார். வழக்கோ 40,000 பவுன் விவகாரம். காந்தி இரு தரப்பையும் பஞ்சாயத்துக்கு இணங்க வைத்தார். தம் கட்சிக்காரருக்குச் சாதகமாக 37,000 பவுன் தீர்ப்பான பிறகு அவர் செய்ததுதான் விசேஷம்: தோற்ற தயேப் சேட் திவாலாகிவிடக் கூடாது என்று, ஜெயித்தவரிடமே மன்றாடி நீண்ட காலத் தவணைக்குச் சம்மதம் வாங்கினார். எந்த வக்கீல் குமாஸ்தா இதைக் கேட்டாலும் தலையில் கை வைத்துக்கொள்வார்.

1894இல் டர்பனில் அவர் அலுவலகத்துக்குப் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி வந்தார். கந்தல் துணி, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயெல்லாம் ரத்தம், தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைக்கார முதலாளி அடித்த அடி அது. அவர் பேசிய தமிழைக் காந்திக்கு எடுத்துச் சொல்ல குமாஸ்தா வின்சென்ட் லாரன்ஸ் இருந்தார். முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. பிறகு டாக்டர் சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். ஆனால் முதலாளியைச் சிறைக்கு அனுப்புவதில் அவருக்கு ஆர்வமில்லை; பாலசுந்தரத்தை வேறு முதலாளியிடம் மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டார். இதே வழக்கு ஒட்டப்பிடாரத்து வக்கீலிடம் வந்திருந்தால் அந்த முதலாளியைக் கூண்டில் ஏற்றாமல் விட்டிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

வ.உ.சி.யின் பக்தி சமரசம் பேசும் பக்தி அல்ல. அவர் சைவர், கடைசிக் காலத்தில், 1935இல், சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்டவர். சென்னையில் ராமகிருஷ்ண மடத்துத் துறவி ராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்தது தமக்குள் சுதேசிய எண்ணத்தை விதைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1906இல் அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றார். திலகரைக் குருவாகக் கொண்டவருக்கு அறம் என்பது விட்டுக்கொடுப்பதில் இல்லை, வழக்காடுவதில் இருந்தது.

இந்த வேறுபாடு முழுதாகத் தெரிவது 124 ஏ வழக்கில்தான். வ.உ.சி. வக்கீல் வைத்து வாதாடினார், சாட்சிகளை நிறுத்தினார். 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே ராஜத்துரோகத்துக்கு 20 ஆண்டும், சக போராளி சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டுமாக, ஒன்றன்பின் ஒன்றாய் 40 ஆண்டு தீவாந்திர தண்டனை விதித்தார். லண்டனில் இந்திய மந்திரியாக இருந்த மார்லியே, இதை என்னால் ஆதரிக்க முடியாது என்று வைஸ்ராய்க்கு எழுதினார். வ.உ.சி. மேல்முறையீடு செய்தார், தண்டனை குறைந்தது, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். காந்தியோ 1922 மார்ச் 18 அன்று எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒன்று பதவியை விட்டு விலகுங்கள், இல்லையேல் அதிகபட்சத் தண்டனை தாருங்கள் என்று நீதிபதி புரூம்ஃபீல்டிடம் கேட்டார். 6 ஆண்டு. மேல்முறையீடு இல்லை.

காந்தியின் வழிதான் உயர்ந்தது என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1922இல் அவர் பின்னால் ஒரு தேசமே நின்றது; நீதிபதியே மரியாதையாகப் பேசினார். 1908இல் திருநெல்வேலியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தலைவணங்கியிருந்தால் பின்ஹே கூண்டோடு புதைத்திருப்பார். அங்கே சட்டத்தின் கடைசிப் படிவரை ஏறிப் பார்த்ததுதான் துணிச்சல்.

இடையில் இருவருக்கும் ஒரு கணக்கு வழக்கும் இருந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிக் காந்தியிடம் தந்த பணம், பல கடிதங்களுக்குப் பிறகு 1916இல்தான் வ.உ.சி. கைக்கு வந்தது: 347 ரூபாய் 12 அணா. அப்போது சன்னது என்ற வக்கீல் உரிமம் இல்லாமல், திருநெல்வேலிக்கும் போக முடியாமல், சென்னையில் குடும்பத்தோடு திண்டாடிக்கொண்டிருந்தார் அவர்.

1920இல் வக்கீல்கள் கோர்ட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றார் காந்தி. மோதிலால் நேருவும் சி.ஆர்.தாசும் வெளியேறினார்கள். வ.உ.சி.யோ ஒத்துழையாமையை ஏற்காமல், கோர்ட்டுக்குள் திரும்பிப் போக வழி தேடினார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். இதைச் சமரசம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. வெள்ளையன் ஆட்சியை எதிர்த்தவர், நியாயம் செய்த வெள்ளையனுக்கு நன்றி சொல்லக் கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மறுபடி வழக்காடி, 1936 நவம்பர் 18இல் இறந்தபோது அவர் விட்டுப்போன உயிலில் கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய கடன்களும் பட்டியலாக இருந்தன.

இன்னர் டெம்பிள் 1922இல் நீக்கிய காந்தியின் பெயரை 1988இல்தான் திரும்பச் சேர்த்தது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. மகாத்மா யார் என்பதில் வாதமே இல்லை. பிராதோடு வாசலில் வந்து நிற்கும் ஏழைக்கு வக்கீல் யார் என்று கேட்டால், என் ஓட்டு ஒட்டப்பிடாரத்துக்காரருக்குத்தான்.