ஐடில்வைல்டு: ஏரிக்கரை ஊர் ஒன்றின் பழைய புகைப்படங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஐடில்வைல்டு என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பைன் மரக்காட்டுக்கு நடுவில் ஒரு ஏரி, அதைச் சுற்றிச் சில வீடுகள், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரின் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மணல் முழுக்க ஜனம், நீச்சல் உடையில் சிரிக்கும் பெண்கள், வரிசையாக நிற்கும் பளபள கார்கள், இரவு விடுதி மேடையில் இறகுத் தொப்பியோடு நடனக் குழு. எல்லோரும் கறுப்பின மக்கள்!

இதில் என்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். அதற்கு 1919-ஆம் வருடத்துக்குப் போக வேண்டும்.

அந்த ஜூலை 27 அன்று சிகாகோவில் கடுமையான வெயில். மிச்சிகன் ஏரியில் மிதவை ஒன்றில் விளையாடிக் கொண்டிருந்தான் யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன். ஏரித் தண்ணீருக்குக் கோடு ஏது? ஆனால் கரையில் வெள்ளையர் பகுதி, கறுப்பர் பகுதி என்று எழுதாத கோடு ஒன்று இருந்தது. மிதவை அந்தப் பக்கம் நகர்ந்தது. கரையில் இருந்து கல் பறந்தது. பையன் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவனைக் கைது செய்யப் போலீஸ்காரர் மறுத்தார். அதில் மூண்ட கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். ஜூன் ஃபுஜிதா என்ற ஜப்பானிய வம்சாவளிப் பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த அந்தக் கலவரப் படங்கள் இன்றும் இருக்கின்றன. சாதாரணமாகப் பார்க்க முடியாத படங்கள்.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஐடில்வைல்டு படங்களைப் பாருங்கள். அதே காலத்து மனிதர்கள், அதே வெயில், அதே மாதிரி ஏரிக்கரை. ஆனால் ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. அந்தப் படங்களின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

ஊரை உருவாக்கியவர்கள் கறுப்பர்கள் அல்ல என்பதுதான் வேடிக்கை. மரமெல்லாம் வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிய, விவசாயத்துக்கும் லாயக்கில்லாத மணல் நிலத்தை 1912 வாக்கில் சில வெள்ளைக்கார ரியல் எஸ்டேட்காரர்கள் வாங்கிப் போட்டார்கள். அதை 25 அடிக்கு 100 அடி மனைகளாகப் பிரித்தார்கள். ஒரு மனை விலை 35 டாலர். முன்பணம் 6 டாலர், பிறகு மாதம் 1 டாலர். (நம்மூர் தவணை மனை விளம்பரங்கள் எல்லாம் இதற்குத் தம்பிதான்!) சிகாகோ, டெட்ராய்ட் போன்ற நகரங்களில் இருந்த கறுப்பின ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள், மருத்துவர்கள் எல்லாம் வாங்கினார்கள். வியாபாரிகளின் நோக்கம் லாபம், சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கியவர் கைக்குப் பத்திரம் வந்தது. 'வெளியே போ' என்று யாரும் சொல்ல முடியாத கரை கிடைத்தது.

ஆரம்ப காலப் படங்களில் வரிசையாகச் சின்னச் சின்ன மரக் குடில்கள் தெரியும். ஒரே அறை, ஒரு கட்டில் போட்டால் இடம் முடிந்தது. அங்கே வந்தவர்களே அவற்றுக்கு 'நாய்க்கூண்டு' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் பக்கத்திலேயே பெரிய மனிதர்களும் மனை வாங்கினார்கள். கூந்தல் தைலம் விற்றுப் பணக்காரரான மேடம் சி.ஜே.வாக்கர் வாங்கினார். எழுத்தாளர் டபிள்யூ.ஈ.பி.டு பாய்ஸ் வாங்கியதோடு நிற்காமல், 1921-இல் தன் பத்திரிகையில் ஊரைப் புகழ்ந்து எழுதினார். 1893-இல் சிகாகோவில், கத்திக்குத்துப் பட்ட ஒருவரின் இதய உறையைத் தைத்துக் காப்பாற்றிய அறுவை மருத்துவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் இங்கேயே வீடு கட்டிக் குடியேறி, 1931-இல் இங்கேயே இறந்தார். ஏரியில் இருக்கும் தீவுக்கு அவர் பெயர்தான்.

1950-களின் படங்கள் வேறு ரகம். ஆர்தர் பிராக்ஸ் என்பவர் பாரடைஸ் கிளப்பில் நடத்திய நிகழ்ச்சிகள் பெரிய நகரத்து மேடைகளுக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல. தீவில் ஃபிளமிங்கோ கிளப் இருந்தது. டெல்லா ரீஸ், ஜாக்கி வில்சன், ஃபோர் டாப்ஸ் போன்றவர்கள் இங்கே பாடினார்கள். கோடைகால வார இறுதி ஒன்றில் 25,000 பேர் வரை வந்ததாகச் சொல்கிறார்கள். வரும் வழியில் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று தெரியாத காலம் அது. அதற்காகவே 'கிரீன் புக்' என்ற வழிகாட்டி 1936 முதல் வந்துகொண்டிருந்தது. இத்தனை தூரம் அப்படிப் பார்த்துப் பார்த்து வந்தவர்கள் காரை விட்டு இறங்கியதும் எப்படி மூச்சு விட்டிருப்பார்கள்!

1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. விடுதி, உணவகம், கேளிக்கை அரங்கு எங்கும் நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்றது சட்டம். எத்தனை பேர் அடிபட்டு, சிறை சென்று வாங்கிய சட்டம்! அதே சட்டம்தான் ஐடில்வைல்டையும் காலி செய்தது. லாஸ் வேகாஸ் கதவு திறந்த பிறகு பாடகர்கள் ஏன் காட்டுக்குள் வர வேண்டும்? கடற்கரை எல்லாம் திறந்த பிறகு குடும்பங்கள் ஏன் இதே ஏரிக்கு வர வேண்டும்? விடுதிகள் ஒவ்வொன்றாக மூடின. 'அந்த நாளே நல்ல நாள்' என்று சிலர் பேசுவதுண்டு. அது சரியில்லை. ஊர் நன்றாக இருந்ததற்கு, வெளியே எல்லாம் அடைத்து வைத்திருந்ததும் ஒரு காரணம்தானே.

1979-இல் ஐடில்வைல்டு அமெரிக்க தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. ஊருக்கு என்று ஒரு சிறிய வரலாற்று மையம் இருக்கிறது. ரொனால்ட் ஸ்டீபன்ஸ் என்ற ஆய்வாளர் பழைய படங்களைத் திரட்டி 2001-இல் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

ஒரு விஷயம். பிரபலமான அஞ்சலட்டைப் படங்கள் எல்லாம் கோடைகாலத்தவை. ஆனால் கூட்டம் போன பிறகும் அங்கேயே தங்கியவர்கள் உண்டு. நகரத்துத் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்று, அந்த 35 டாலர் மனையில் வீடு கட்டிக்கொண்டு, மிச்சிகன் பனியையும் தாங்கியவர்கள். விருந்தாளிகள் நின்றுபோன பிறகு ஊரைக் காத்து வைத்தது அவர்கள்தான். அஞ்சலட்டை அச்சடிப்பவர்கள் பனிக்காலத்தில் வரவில்லை.